வீட்டுக் கம்ப்யூட்டரில் அட்மின் யாராக இருக்க வேண்டும்?

குமுளி, வண்டன்மேடு, கம்பம்மெட்டுப் பக்கம் உள்ள தமிழ்க் குடும்பங்களில் வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் இருந்தால் அதைத்தான் எல்லாரும் பயன்படுத்துவார்கள். அப்பா புத்தடியிலோ போடியிலோ ஏலத்தில் போட்ட ஏலக்காய்த் தொகுதியின் (லாட்) விவரத்தை அதில் ஏற்றுவார். மகள் கேரளப் பாடத்திட்டத்தில் படிக்கிறாள் என்றால் பாதிப் பாடக்குறிப்பு மலையாளத்தில் வரும். அக்‌ஷயா மையத்தில் ஸ்கேன் செய்து வாங்கிய சான்றிதழ்களும், மலைக்குக் கீழே இ-சேவை மையத்தில் வாங்கியவையும் ஒரே ஃபோல்டரில் கிடக்கும். பையனுக்கு கேம் வேண்டும். இத்தனைக்கும் ஒரே கணக்கு, அதற்கும் பெரும்பாலும் பாஸ்வேர்டு இருக்காது.

அந்த ஒரே கணக்கு, கம்ப்யூட்டரில் எதையும் மாற்ற உரிமை உள்ள அட்மின் கணக்கு. விண்டோஸை முதன்முதலில் அமைக்கும்போது உருவாகும் கணக்கு அட்மினாகத்தான் உருவாகும். கடைக்காரர் போட்டுக் கொடுத்தாலும் நீங்களே போட்டாலும் இதுதான் நடக்கும். யாரும் மாற்றாவிட்டால் கடைசி வரை அப்படியே ஓடும்.

அன்றாட வேலைக்கு வீட்டில் ஒருவரும் அட்மினாக இருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அப்பாவும் கூடாது, கம்ப்யூட்டர் நன்றாகத் தெரிந்த மகளும் கூடாது. அட்மின் என்று ஒரு கணக்கைத் தனியாக வைத்து, தேவைப்படும்போது மட்டும் அதன் பாஸ்வேர்டைப் போட்டால் போதும். அதை எப்படிச் செய்வது என்பதையும், செய்த பிறகு வரும் சிக்கல்களை எப்படிச் சமாளிப்பது என்பதையும் கீழே எழுதியிருக்கிறேன்.

அட்மினுக்கு என்ன முடியும், மற்றவருக்கு என்ன முடியாது

விண்டோஸில் இரண்டு வகைக் கணக்கு: அட்மினிஸ்ட்ரேட்டர், ஸ்டாண்டர்டு யூசர். ஏலக்காய் ஸ்டோரில் காய் உலர்த்துகிற ஆளிடம் வெளிக்கதவுச் சாவி இருக்கும், உலர்ந்த காய் மூட்டை வைத்த உள்ளறைச் சாவி முதலாளியிடம் இருக்கும். ஸ்டாண்டர்டு கணக்கும் அந்த மாதிரிதான். படிக்கலாம், எழுதலாம், பிரவுசர் திறக்கலாம், தன் டாகுமெண்ட்ஸில் எதையும் செய்யலாம். எல்லாருக்கும் பொதுவான இடத்தில் மட்டும் கை வைக்க முடியாது. விண்டோஸ் ஃபோல்டர், புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டர், டிரைவர்கள் (பிரிண்டர் போன்ற கருவிகளை இயக்கும் மென்பொருள்கள்), மற்றவர்களின் கணக்குகள், ஃபயர்வால், ஆன்டிவைரஸ் அமைப்பு ஆகியவை அந்தப் பொது இடத்தில் சேரும்.

அட்மினாக இருப்பதில் உள்ள ஆபத்து உங்கள் கை தவறுவது மட்டும் அல்ல. நீங்கள் திறக்கிற ஒவ்வொரு புரோகிராமும் உங்கள் பெயரில்தான் ஓடுகிறது. மெயிலில் வந்த போலி பில்லைத் திறந்தால், அதற்குள் இருக்கும் தீய நிரலும் உங்கள் பெயரில்தான் ஓடும். உங்களால் ஆன்டிவைரஸை நிறுத்த முடியும் என்றால் அதனாலும் முடியும்.

விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் வீட்டுக் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலோர் முழு அட்மினாகவே உலாவினார்கள், எந்தக் கேள்வியும் வராது. 2007-ல் விஸ்டா வந்தபோதுதான் இன்று நாம் பார்க்கிற அனுமதிப் பெட்டி வந்தது. அதன் பெயர் யூசர் அக்கவுண்ட் கன்ட்ரோல், சுருக்கமாக யுஏசி. அன்றிலிருந்து அட்மின் கணக்கில் நுழைந்தாலும் உங்கள் புரோகிராம்கள் முதலில் சாதாரண உரிமையோடுதான் ஓடும். பெரிய உரிமை வேண்டும்போது திரை மங்கி, பெட்டி வந்து கேட்கும். ‘ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ என்று கொடுப்பது அந்தப் பெரிய உரிமையை நாமே கேட்டு வாங்குவது.

அப்படியானால் அட்மின் கணக்கிலேயே இருந்துவிடலாமே என்று தோன்றும். அட்மினிடம் அந்தப் பெட்டி ‘யெஸ்’, ‘நோ’ என்று மட்டுமே கேட்கும். பழக்கத்தில் கை தானாக ‘யெஸ்’ மேல் போய்விடும். ஸ்டாண்டர்டு கணக்கில் இருந்தால் அதே பெட்டி அட்மினின் பாஸ்வேர்டையோ பின் எண்ணையோ கேட்கும். அதைத் தட்டுகிற நேரத்தில் ஒரு முறை யோசித்துவிடுவோம். பையன் மட்டும் உட்கார்ந்திருந்தால் அம்மாவைக் கூப்பிட்டே ஆக வேண்டும். இந்தச் சின்னத் தடை எவ்வளவோ தொல்லையை நிறுத்துகிறது.

கணக்குகளைப் பிரிப்பது

வரிசை முக்கியம். முதலில் புதிய அட்மின், அது வேலை செய்கிறதா என்று சோதனை, அதன் பிறகே பழைய கணக்கை இறக்குவது.

முதலில் இப்போதைய நிலையைப் பாருங்கள். செட்டிங்ஸ் திறந்து அக்கவுண்ட்ஸ், அதில் ‘யுவர் இன்ஃபோ’. உங்கள் பெயருக்குக் கீழே அட்மினிஸ்ட்ரேட்டர் என்று இருந்தால் நீங்கள் அட்மின்.

அடுத்து, அதே அக்கவுண்ட்ஸில் ‘அதர் யூசர்ஸ்’. விண்டோஸ் 10-ல் இது ‘ஃபேமிலி அண்ட் அதர் யூசர்ஸ்’ என்று இருக்கும். ‘ஆட் அக்கவுண்ட்’ அழுத்துங்கள். மெயில் முகவரி கேட்கும். அதன் கீழே, இந்த ஆளின் சைன்-இன் விவரம் என்னிடம் இல்லை என்று பொருள்படும் ஒரு வரி இருக்கும். அதை அழுத்தினால் அடுத்த திரையில் மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாமல் சேர்க்க வழி வரும். ‘வீட்டு அட்மின்’ என்று பெயர் கொடுங்கள். நீளமான பாஸ்வேர்டு வையுங்கள். மறந்துபோனால் கேட்பதற்கு மூன்று கேள்விகளும் வரும். அவற்றுக்கு ஊரில் எல்லாருக்கும் தெரிந்த பதிலைக் கொடுக்காதீர்கள்.

புதிய கணக்கு ஸ்டாண்டர்டாகத்தான் பிறக்கும். பட்டியலில் அதன் பெயரைத் தட்டி ‘சேஞ்ச் அக்கவுண்ட் டைப்’ போய் அட்மினிஸ்ட்ரேட்டர் ஆக்குங்கள்.

இப்போது சைன் அவுட் செய்து, புதிய அட்மின் கணக்கில் ஒரு முறை உள்ளே நுழைந்து பாருங்கள். பாஸ்வேர்டு சரியாக வேலை செய்கிறதா? செய்கிறது என்றால், அங்கிருந்தபடியே ‘அதர் யூசர்ஸ்’ போய், நீங்கள் தினமும் பயன்படுத்தும் பழைய கணக்கை ஸ்டாண்டர்டு யூசர் ஆக்குங்கள். ஃபைல், போட்டோ, பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டு எதுவும் போகாது. கணக்கின் உரிமை மட்டும்தான் மாறும். பிறகு மகளுக்கும் பையனுக்கும் தனித்தனி ஸ்டாண்டர்டு கணக்கு போட்டுவிடுங்கள்.

அட்மின் பாஸ்வேர்டைத் தாளில் எழுதி, ரேஷன் கார்டும் பட்டாவும் இருக்கிற பையில் வையுங்கள். வீட்டில் இரண்டு பேருக்குத் தெரிந்திருக்க வேண்டும். யார் அந்த இருவர் என்பதை வயதை வைத்தோ, யாருக்குக் கம்ப்யூட்டர் அதிகம் தெரியும் என்பதை வைத்தோ முடிவு செய்யாதீர்கள். பெட்டியில் எழுதியிருப்பதைப் பொறுமையாகப் படிக்கிறவர் யார் என்று பாருங்கள். நான் பார்த்த பல வீடுகளில் அது அம்மாதான்.

இன்னொன்று. விண்டோஸுக்குள் ‘அட்மினிஸ்ட்ரேட்டர்’ என்ற பெயரிலேயே ஒரு கணக்கு மறைவாக, முடக்கப்பட்ட நிலையில் இருக்கும். அதை உயிர்ப்பிக்கச் சொல்லும் வீடியோக்களைக் கேட்க வேண்டாம். இயல்பான அமைப்பில் அந்தக் கணக்கிடம் அனுமதிப் பெட்டி எதுவும் கேட்காது, எல்லாமே முழு உரிமையோடு ஓடும்.

பெட்டி வந்தால் என்ன படிப்பது

திரை மங்கிப் பெட்டி வந்ததும் முதல் கேள்வி: இதை இப்போது நான்தான் தொடங்கினேனா? நீங்கள் பாட்டு கேட்டுக்கொண்டிருக்கும்போது தானாக வந்தால் ‘நோ’. உண்மையிலேயே தேவையானது என்றால் அது மறுபடியும் கேட்கும், அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

அப்புறம் புரோகிராமின் பெயரையும், கீழே வெளியிட்டவர் பெயரையும் பாருங்கள். பெட்டியின் தலைப்பகுதி நீலமாக இருந்தால் வெளியிட்டவரின் டிஜிட்டல் கையொப்பம் சரிபார்க்கப்பட்டது என்று அர்த்தம். மஞ்சளாக இருந்தால் வெளியிட்டவர் யாரென்று விண்டோஸுக்குத் தெரியவில்லை. மஞ்சள் எல்லாம் மோசம் என்றில்லை, நல்ல சின்ன மென்பொருள்கள் சிலவும் மஞ்சளில் வரும். நீலம் எல்லாம் நல்லது என்றும் இல்லை. கையொப்பம் ஆள் யார் என்பதைத்தான் சொல்லும், அவர் நல்லவரா என்று சொல்லாது.

எல்லைப் பக்கத்து வீடுகளில் இந்தப் பெட்டி அதிகம் வருவது மொழிக்காக. தமிழ் ஃபாண்ட், மலையாள ஃபாண்ட், டைப்பிங் மென்பொருள் என்று தேடி, முதலில் கண்ணில் படுகிற தளத்திலிருந்து இறக்குகிறோம். அந்த இன்ஸ்டாலரோடு விளம்பரக் குப்பையும் சேர்ந்து வரும். வெறும் ஃபாண்டுக்கு அட்மின் உரிமையே தேவையில்லை. விண்டோஸ் 10-ன் 1809 பதிப்பிலிருந்து ஃபாண்ட் ஃபைல் மீது ரைட் கிளிக் செய்து ‘இன்ஸ்டால்’ கொடுத்தால் உங்கள் கணக்குக்கு மட்டும் பதிந்துவிடும். ‘இன்ஸ்டால் ஃபார் ஆல் யூசர்ஸ்’ கொடுத்தால்தான் பாஸ்வேர்டு கேட்கும். ஃபாண்ட் என்று சொல்லி இஎக்ஸ்இ ஃபைல் (புரோகிராம் ஃபைல்) ஒன்று பாஸ்வேர்டு கேட்டால் கொடுக்காதீர்கள். டைப் செய்ய, தமிழ், மலையாளம் இரண்டுக்கும் கீபோர்டு விண்டோஸிலேயே இருக்கிறது.

உரிமை கேட்க நியாயமான காரணம் உள்ளவையும் உண்டு. பிரிண்டர் டிரைவர் அப்படி. ஜிஎஸ்டி வேலைக்கு வாங்கிய டிஜிட்டல் கையொப்ப டோக்கனின் டிரைவரும் அப்படியே. தயாரித்தவரின் தளத்திலிருந்தோ, டோக்கனோடு வந்ததிலிருந்தோ நீங்களே எடுத்துப் போடுகிறீர்கள் என்றால் அட்மின் பாஸ்வேர்டைக் கொடுங்கள், அதில் தவறில்லை.

போனில் யாரோ பேசி, திரையைப் பார்க்கும் ஆப் ஒன்றைப் போடச் சொல்லி, ‘யெஸ் அழுத்துங்க சார்’ என்றால் லைனைத் துண்டியுங்கள். தமிழில் பேசினாலும் மலையாளத்தில் பேசினாலும் அதே பதில்தான். பணம் போய்விட்டிருந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அழையுங்கள். நாடு முழுவதற்கும் அதே எண்.

கன்ட்ரோல் பேனலில் யுஏசிக்கு நான்கு படி உள்ள ஒரு ஸ்லைடர் இருக்கிறது. மேலிருந்து இரண்டாவது படிதான் இயல்பாக இருப்பது. அதற்குக் கீழே இறக்காதீர்கள். மூன்றாவது படியில் திரை மங்குவது நின்றுவிடும். மங்கிய திரையில் இருக்கும்போது மற்ற புரோகிராம்களால் அந்தப் பெட்டியின் ‘யெஸ்’ஸைத் தாங்களாக அழுத்த முடியாது, அதற்காகத்தான் அந்த ஏற்பாடு.

‘நேத்துப் போட்ட லாட்டைக் காணோமே’

கணக்குகளைப் பிரித்ததும் பல வீடுகளில் வரும் குழப்பம் இது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

கணக்கு எழுதும் பழைய மென்பொருள் ஒன்று இருக்கிறது. அப்பா தன் கணக்கில் உட்கார்ந்து ஐந்து லாட் ஏற்றுகிறார். மறுநாள் மகள் தன் கணக்கில் திறந்தால் ஒன்றுமே இல்லை.

“அப்பா, நேத்துப் போட்ட லாட்டைக் காணோமே?”

“நல்லாப் பாரு பாப்பா, சேவ் பண்ணிட்டுத்தான் எந்திரிச்சேன்.”

இரண்டு பேர் சொல்வதும் உண்மை. அந்த மென்பொருள் எக்ஸ்பி காலத்துப் பழக்கத்தில் தன் டேட்டாவைப் புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள்ளேயே எழுதப் பார்க்கிறது. சாதாரண உரிமைக்கு அங்கே எழுத அனுமதி இல்லை. மறுத்தால் பழைய மென்பொருள் நின்றுவிடும் என்பதால், விண்டோஸ் சத்தமில்லாமல் அதை வேறு இடத்தில் எழுத வைக்கிறது. எழுதுகிறவரின் யூசர் ஃபோல்டருக்குள் ஆப்டேட்டா, அதற்குள் லோக்கல், அதற்குள் வெர்ச்சுவல்ஸ்டோர். அப்பா எழுதியது அப்பாவின் வெர்ச்சுவல்ஸ்டோரில் இருக்கிறது, மகளுக்கு அது தெரியாது. ஒரு நாள் ‘ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ கொடுத்து, மறுநாள் கொடுக்காமல் திறந்தால் ஒரே ஆளுக்கே இரண்டு கணக்குப் புத்தகம் ஆகிவிடும்.

இதற்கு எல்லாரையும் மறுபடி அட்மின் ஆக்குவதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் தீர்வு. அது வேண்டாம். அந்த டேட்டா இருக்கிற ஒரு ஃபோல்டருக்கு மட்டும் அனுமதி கொடுத்தால் போதும்.

மென்பொருளின் அமைப்பில் டேட்டா ஃபோல்டரை மாற்ற வழி இருந்தால் நல்லது. டி டிரைவில் ‘காய் கணக்கு’ என்று ஒரு ஃபோல்டர் போட்டு அதைக் காட்டுங்கள். பிறகு அந்த ஃபோல்டர் மீது ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி டேப், எடிட், ஆட். மகளின் கணக்குப் பெயரைத் தட்டி ‘செக் நேம்ஸ்’ கொடுங்கள், பெயருக்கு அடிக்கோடு விழும். சரி கொடுத்துவிட்டு, கீழே ‘மாடிஃபை’ என்ற கட்டத்தில் டிக் போடுங்கள். ‘ஃபுல் கன்ட்ரோல்’ வேண்டாம். மாடிஃபையில் படிக்கலாம், எழுதலாம், அழிக்கலாம். ஃபுல் கன்ட்ரோல் என்றால் அந்த அனுமதிகளையே மாற்றும் உரிமையும் சேர்ந்து போகும். ‘டினை’ பக்கம் எதையும் தொடாதீர்கள். ஒரே இடத்தில் அனுமதியும் மறுப்பும் இருந்தால் மறுப்புதான் ஜெயிக்கும், அப்புறம் ஏன் திறக்கவில்லை என்று தேடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

டேட்டாவை மாற்றும் முன் எல்லாருடைய வெர்ச்சுவல்ஸ்டோரிலும் பாருங்கள். ஆப்டேட்டா மறைந்திருக்கும், எக்ஸ்ப்ளோரரின் வியூவில் மறைந்தவற்றைக் காட்டச் சொன்னால் தெரியும். எந்த ஃபைல் கடைசியாக மாறியது என்று தேதியைப் பார்த்து, முதலில் எல்லாவற்றையும் பென்டிரைவில் நகல் எடுத்துவிட்டு, அதன் பிறகு சேருங்கள். அங்கேயே விட்டுவிட்டால் மென்பொருள் மறுபடியும் அந்தப் பழைய நகலையே எடுத்துக் காட்டக்கூடும்.

டி டிரைவைப் பற்றி இன்னொரு செய்தி. விண்டோஸ் இயல்பாக ஃபார்மட் செய்த டி டிரைவில், கம்ப்யூட்டரில் கணக்கு உள்ள எல்லாருக்கும் மாடிஃபை அனுமதி பெரும்பாலும் இருக்கும். கணக்கைப் பிரித்துவிட்டோம், அப்பாவின் ஃபைல் பத்திரம் என்று நினைத்து டி-யில் வைத்தால், பையன் கேமுக்கு இடம் வேண்டும் என்று அதை அழித்துவிடலாம், விண்டோஸ் தடுக்காது. அவரவர் சொந்த ஃபைல் அவரவர் டாகுமெண்ட்ஸில் இருக்கட்டும். அது சி டிரைவில் அவர் பெயரில் உள்ள ஃபோல்டர், மற்ற ஸ்டாண்டர்டு கணக்குகளால் திறக்க முடியாது. பென்டிரைவில் இந்தப் பேச்சே இல்லை. அவை பெரும்பாலும் ஃபேட்32 அல்லது எக்ஸ்ஃபேட் முறையில் இருக்கும், அந்த முறைகளில் அனுமதி என்ற ஒன்றே கிடையாது.

பழைய டிஸ்க் திறக்க மறுத்தால்

பழைய கம்ப்யூட்டரின் ஹார்டு டிஸ்கைக் கழற்றிப் புதியதில் மாட்டினால், உங்களுக்கு அனுமதி இல்லை என்று வரும். அதே பெயர், அதே பாஸ்வேர்டுதானே என்று தோன்றும். விண்டோஸ் பெயரைப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு கணக்கையும் உருவாக்கும்போது அதற்கு ஒரு நீண்ட அடையாள எண் கொடுக்கிறது, அனுமதிகள் அந்த எண்ணுக்குத்தான் எழுதப்படுகின்றன. புதிய கம்ப்யூட்டரில் உங்கள் எண் வேறு.

பெட்டியில் ‘கன்டினியூ’ அழுத்தி அட்மின் பாஸ்வேர்டு கொடுத்தால் பெரும்பாலும் திறந்துவிடும். அப்போது உங்கள் கணக்குக்கு அந்த ஃபோல்டரில் நிரந்தர அனுமதி எழுதப்படுகிறது. திறக்கவில்லை என்றால் செக்யூரிட்டி டேபில் ‘அட்வான்ஸ்டு’ போய், ‘ஓனர்’ என்ற இடத்தில் ‘சேஞ்ச்’ கொடுத்து உங்கள் பெயரைப் போட வேண்டும். பழைய டிஸ்கில் உள்ள உங்கள் டாகுமெண்ட்ஸ், பிக்சர்ஸ் ஃபோல்டர்களுக்கு மட்டும் இதைச் செய்யுங்கள். இப்போது ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸின் ஃபோல்டர்களுக்கு ஒருபோதும் செய்யாதீர்கள். அவற்றில் பலவற்றுக்கு உரிமையாளர் டிரஸ்டட்இன்ஸ்டாலர் என்று இருக்கும். அட்மினையும் தாண்டிய பூட்டு அது, சிஸ்டம் ஃபைல்கள் கெடாமல் இருக்க வைத்தது. மாற்றினால் பிறகு அப்டேட் ஏறுவதில் சிக்கல் வரலாம்.

பள்ளி லேப்டாப்பில் உபுண்டு இருந்தால்

கேரளப் பள்ளிகளில் அந்த மாநில அரசின் கைட் நிறுவனம் தரும், உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட லினக்ஸ்தான் ஓடுகிறது. வீட்டிலும் அதைப் போட்டிருக்கிறீர்கள் என்றால் வேலை சுலபம். முழு அதிகாரம் உள்ள ரூட் கணக்கில் நேரடியாக நுழைய முடியாதபடிதான் உபுண்டு வருகிறது. முதல் கணக்குக்கு, அட்மின் வேலையைச் செய்ய அனுமதிக்கும் சூடோ உரிமை இருக்கும், தேவையான வேலைக்கு மட்டும் பாஸ்வேர்டு கேட்கும். கட்டளைகளைத் தட்டும் டெர்மினலில் பாஸ்வேர்டு கொடுக்கும்போது திரையில் ஒன்றுமே, புள்ளிகூட, தெரியாமல் இருக்கலாம். தட்டிவிட்டு என்டர் கொடுங்கள். பிள்ளைகளின் கணக்கை செட்டிங்ஸில் ‘யூசர்ஸ்’ போய்ச் சேர்க்கும்போது அட்மினிஸ்ட்ரேட்டர் சுவிட்சை அணைத்தே வையுங்கள்.

இது எதைக் காப்பாற்றாது

ஸ்டாண்டர்டு கணக்கு கம்ப்யூட்டரைக் காக்கும், அந்தக் கணக்கில் உள்ள உங்கள் ஃபைல்களைக் காக்காது. ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் வந்தால் உங்களால் திருத்த முடிந்த எல்லா ஃபைலையும் அதுவும் பூட்டிவிடும். வெளி டிஸ்கில் நகல் எடுத்து, எடுத்தவுடன் கழற்றி வைப்பதுதான் அதற்கு வழி.

எல்லா இன்ஸ்டாலையும் அது தடுக்காது. குரோம் போன்றவை அட்மின் உரிமை இல்லாமலே அவரவர் கணக்குக்குள் மட்டும் பதிந்துகொள்ளும். அப்டேட் வராத விண்டோஸில் இந்த வேலி பலவீனமாகும் என்பதையும் மறக்க வேண்டாம். சாதாரண உரிமையிலிருந்து அட்மின் உரிமைக்குத் தாவ உதவும் ஓட்டைகளை அப்டேட்கள்தான் அடைக்கின்றன. விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது.

அனுமதி என்பது ரகசியப் பூட்டும் இல்லை. அட்மின் நினைத்தால் யாருடைய ஃபோல்டரையும் திறக்கலாம். டிஸ்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டுகிறவரும் திறக்கலாம். அதைத் தடுப்பது, டிஸ்கில் உள்ளதைச் சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றிவைக்கும் என்கிரிப்ஷன். புதிய விண்டோஸ் 11 லேப்டாப்களில் அது தானாகவே இயங்கியிருக்கக்கூடும். செட்டிங்ஸில் ‘டிவைஸ் என்கிரிப்ஷன்’ இருக்கிறதா என்று பாருங்கள். இயங்கியிருந்தால் அதன் 48 இலக்க மீட்பு எண்ணையும் எழுதி, பாஸ்வேர்டு வைத்த அதே பையில் வையுங்கள்.

சர்வீஸுக்குக் கொடுக்கும்போது

கம்பத்துக்கோ கட்டப்பனைக்கோ சர்வீஸுக்கு எடுத்துப்போகும்போது கடையில் பாஸ்வேர்டு கேட்பார்கள். வீட்டு அட்மினின் பாஸ்வேர்டைச் சொல்ல வேண்டாம். கிளம்பும் முன் ‘சர்வீஸ்’ என்று தற்காலிக அட்மின் கணக்கு ஒன்றை உருவாக்கி அதைக் கொடுங்கள். அதுவும் அட்மின்தான், எல்லாவற்றையும் பார்க்க முடியும் என்பதால், ஆதார் நகல், பாங்க் விவரம், குடும்பப் படங்களை வெளி டிஸ்குக்கு மாற்றிவிட்டுக் கொடுப்பது நல்லது. மின்விசிறி மாற்றுவது, ரேம் போடுவது போன்ற வேலைக்கு எந்தப் பாஸ்வேர்டும் தேவையில்லை என்பதையும் தயங்காமல் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் வீட்டு அட்மினில் நுழைந்து ‘அதர் யூசர்ஸ்’ பட்டியலைப் பாருங்கள். ‘சர்வீஸ்’ கணக்கைத் தட்டி ‘ரிமூவ்’ கொடுத்து, அதன் ஃபைல்களோடு நீக்குங்கள். நீங்கள் உருவாக்காத வேறு பெயர் ஏதாவது இருந்தால் கடைக்குப் போன் செய்து எதற்கென்று கேட்டுவிட்டு அதையும் நீக்குங்கள். யுஏசி ஸ்லைடர் இரண்டாவது படியில்தான் இருக்கிறதா, உங்கள் தினசரிக் கணக்கு மறுபடி அட்மின் ஆகிவிட்டதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.